வளவில் பந்து, குறுக்கே ஒரு குடை

கேள்வி: விடுமுறைக்குப் பேரனும் (9 வயது) பேத்தியும் (6 வயது) சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். பேரனுக்குக் கவனம் பற்றாது என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்கிறான். செல்போனைக் கொடுக்காமல், வீட்டிலேயே ஏதாவது செய்து அவன் கவனத்தை வளர்க்க முடியுமா?
– ஓர் அப்பத்தா, கானாடுகாத்தான்

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் பயிற்சி என்று சொல்லி அவனை உட்கார வைக்காதீர்கள். முதலில் உட்கார வேண்டியது பெரியவர்கள். 'கவனமே இல்லை' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை, பெரியவர்களுக்கும் கண்ணெதிரே இருப்பது தப்பிப்போகும் என்று நேரில் பார்க்க வேண்டும்.

1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சப்ரீ என்ற இரு உளவியலாளர்கள் ஒரு படத்தைக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒரு பந்தையும் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஒரு பந்தையும் தங்களுக்குள் போட்டுப் பிடிக்கிறார்கள். வெள்ளை அணி எத்தனை முறை போட்டது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேடம் போட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு, போய்விடுகிறார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை.

இதை உங்கள் வளவிலேயே (வீட்டின் தூண் வைத்த நடு முற்றத்திலேயே) நடத்தலாம். பங்காளி வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு இரண்டு அணியாக நிறுத்துங்கள். நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள், அதனால் எண்ணுகிற வேலை ஐயாவுக்கு. அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம். பந்து வேகமாக மாறும்போது பேரன் விரித்த குடையோடு குறுக்கே மெதுவாக நடந்து போகட்டும். முடிந்ததும் முதலில் எண்ணிக்கையைக் கேளுங்கள், அப்புறம் குடையைக் கேளுங்கள். ஐயா கண்டுபிடித்துவிட்டால் அதுவும் சரிதான், பாதிப் பேர் கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள். அடுத்து வருகிற விருந்தாளியை உட்கார வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தாம்பாளச் சோதனை. ஒரு தாம்பாளத்தில் கொட்டைப்பாக்கு, விரலி மஞ்சள், சோழி, சாவி, தீப்பெட்டி, புளியங்கொட்டை என்று பத்துப் பன்னிரண்டு சாமான்களைப் பரப்புங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேரன் ஒன்றை நகர்த்தட்டும். உடனே சொல்லிவிடுவீர்கள். அசைவு கண்ணைத் தானாக இழுத்துவிடும். அடுத்த முறை கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவன் தீப்பெட்டியை மட்டும் புரட்டி வைக்கட்டும். கண்ணைத் திறந்தால் தாம்பாளம் முழுசாகத் தெரியும், மாறியது எது என்று மட்டும் தெரியாது. இழுக்கிற அசைவு இல்லாததால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான். முன்பு கவனித்து வைத்த சாமானில்தான் மாற்றம் பிடிபடும்.

பிறகு அவன் முறை. கண்டுபிடித்தால் 'சபாஷ்' என்று முடித்துவிடாமல், "எப்படிடா பார்த்தே?" என்று கேளுங்கள். ஓரத்திலிருந்து வரிசையாகப் பார்த்தேன் என்பான், பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்பான். தன் கவனம் எங்கே போகிறது என்று பிள்ளை தானே கவனிக்கத் தொடங்குகிற இடம் இதுதான். இதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னொன்றுக்குச் சாமானே வேண்டாம். வரிசைத் தூண்களை நீளவாக்கில் பார்க்கிற மாதிரி நின்று, கடைசித் தூண் நமக்குக் கிட்டே இருக்கிற தூணைவிட எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று கேளுங்கள். பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டார்கள். ஒரு கண்ணை மூடி, கையை நேராக நீட்டி, கட்டைவிரலால் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிற தூண் பாதி உயரம்தான் இருக்கும். எல்லாத் தூணும் ஒரே உயரம் என்று தெரிந்த மூளை, கண் தருவதைத் திருத்தித்தான் நமக்குக் காட்டுகிறது.

பேத்தி ஜெயிக்க ஒன்று வேண்டுமே. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையிலும் 'பச்சை' என்பதைச் சிவப்பு மையிலும் இப்படி மாற்றி மாற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். படிக்கக் கூடாது, மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்ல வேண்டும். 1935இல் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. சரளமாகப் படிக்கிற அண்ணன் தடுமாறுவான், ஏனென்றால் எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிற தங்கைக்கு அந்தத் தொல்லை குறைவு.

இதெல்லாம் செய்தால் மதிப்பெண் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். தாம்பாளத்தில் கெட்டிக்காரன் ஆனால் தாம்பாளத்தில்தான் கெட்டிக்காரன், அது வகுப்புக்குத் தானாகப் போகாது. ஆனால் கூப்பிட்டுத் திரும்பாதபோது அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைக்க மாட்டீர்கள். ஒன்றில் மூழ்கியிருக்கும்போது குடை கண்ணில் படாத மாதிரி குரலும் காதில் விழாது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுவிட்டுப் பேசுங்கள்.

பள்ளி திறப்பதற்குள் அவனுக்குக் கண்ணும் காதும் ஒருமுறை பரிசோதித்துவிடச் சொல்லுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளையையும் கவனம் இல்லாதவன் என்றுதான் சொல்வார்கள். அதெல்லாம் சரியாக இருந்தும், வீட்டிலும் பள்ளியிலும் மாதக்கணக்கில் இப்படியே போனால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.