அலுமினியம் டிரெய்லர் நாமளே வெல்டு பண்ணலாமா? கேட்டதும் சொன்னதும்

கனடாவுல ஒன்டாரியோவில வெல்டிங் வேலை பார்க்கிறேன். கார் பின்னாடி மாட்டி சாமான் ஏத்துற சின்ன டிரெய்லர் வீட்டுலயே ரெண்டு கட்டியிருக்கேன், ரெண்டும் அலுமினியம். அதைப் பத்தி நிறைய பேர் கேட்டீங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

அண்ணா, இரும்புலயே கட்டிடலாமே, எதுக்கு அலுமினியம்?

இங்க குளிர்காலம் முழுக்க ரோட்டுல உப்பு போடுறாங்க, இரும்பு பாக்ஸ் குழாய் உள்பக்கமாவே அரிச்சு வரும், வெளிய தெரியறப்போ பாதி போயிருக்கும். அலுமினியம் எடை இரும்புல மூணுல ஒரு பங்குதான், ஆனா விறைப்பும் மூணுல ஒரு பங்குதான்! இரும்புல போடுற அதே சைஸ்ல போட்டா தொய்யும். இரும்புல 3 இன்ச் உயரச் சட்டம் போடுற இடத்துல 4, 5 இன்ச் உயரம் எடுங்க. அதனால மொத்த எடை நீங்க நினைக்கிற அளவுக்குக் குறையாது.

அண்ணை, என்னட்டை மிக் மெஷின் (ஒயர் தானா ஓடி வாற வெல்டர்) இருக்கு. இரும்புக்கு பாவிக்கிற காஸ் போதுமோ?

போதாது தம்பி. கார்பன் டை ஆக்சைடு கலந்தது வேணவே வேணாம், வெல்டு கரி பிடிச்சு பொரிஞ்சு போய் வரும். சுத்தமான ஆர்கான் எடுங்க. அலுமினியம் ஒயர் மெத்துன்னு இருக்கும், நீள கேபிள்ல தள்ளினா ரோலர்கிட்டயே சுருண்டு சிக்கிக்கும், ஸ்பூல் கன் (ஒயர் உருளை கைப்பிடியிலயே இருக்கிறது) வாங்கிடுங்க.

டிக் வெல்டிங்ல (டங்ஸ்டன் ஊசியில ஆர்க் அடிச்சு கம்பியைக் கையால குடுக்கிறது) ஆர்க் அடிக்குது, ஆனா உருகி ஒட்டவே மாட்டேங்குது சார்.

மேல இருக்கிற ஆக்சைடு படலம்தான் காரணம். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், அந்தப் படலம் 2000 டிகிரிக்கு மேல போனாத்தான் உருகும், அதனால உள்ள தண்ணியா இருக்கும், மேல தோல் அப்படியே நிக்கும். மெஷினை ஏசி (மாறுதிசை) கரண்ட்ல வைங்க, அது அந்தப் படலத்தை உடைக்கும். முதல்ல அசிட்டோன் துணியால எண்ணெய் எடுத்துட்டு, அது நல்லா காய்ஞ்சப்புறம் எவர்சில்வர் பிரஷ் போடுங்க, மாத்திப் பண்ணினா அழுக்கை உள்ள தேய்ச்சு விட்ட கதைதான். அந்த பிரஷால இரும்பைத் தொடவே கூடாது. இன்னொண்ணு, கெஞ்சிக் கேட்டுக்கிறேன், குளோரின் இருக்கிற பிரேக் கிளீனர் போட்டுத் துடைச்சுட்டு வெல்டு பண்ணாதீங்க, ஆர்க் சூட்டுலயும் வெளிச்சத்துலயும் அது பாஸ்ஜீன் வாயுவா மாறும், உயிரே போயிடும்.

வெல்டு பண்ணின இடம் பழைய பலம் இருக்குமா?

இருக்காது. இதுதாங்க முக்கியமான கேள்வி. 6061-டி6ங்கற அலுமினியக் கலவை கடையில வாங்கறப்போ 276 மெகாபாஸ்கல் (பலத்தை அளக்கிற அலகு) வரைக்கும் வளையாம தாங்கும், வெல்டு சூடு பட்டதும் அதைச் சுத்தி ஒரு இன்ச்சுக்கு பலம் பாதிக்கும் கீழ இறங்கிடும். திரும்பக் கொண்டு வரணும்னா 530 டிகிரி சூடாக்கி தண்ணியில முக்கி எடுத்து, அப்புறம் 170 டிகிரி வாக்குல பல மணி நேரம் வைக்கணும், முழு பிரேமுக்கு வீட்டுல நடக்காத காரியம். அதனால வெல்டு எவ்ளோ அழகுங்கறதை விட எந்த இடத்துல போடுறோம்ங்கறதுதான் பெருசு.

என் முதல் டிரெய்லர்ல டங் பீமோட (கார் கொக்கியை நோக்கி முன்னாடி நீள்ற சட்டம்) அடிப்பக்கம் குறுக்கால முழு அகலத்துக்கு வெல்டு போட்டிருந்தேன், பார்க்க அவ்ளோ நல்லா இருந்துச்சு. லோடு ஏத்தினா அந்த அடிப்பக்கம்தான் இழுபடும். ரெண்டாவது வருஷம் கழுவும்போது வெல்டு ஓரமா ஒரு கறுப்புக் கோடு, அழுக்குன்னு நகத்தால சுரண்டினேன், நகம் உள்ள இறங்குச்சு. அன்னைக்கு என் பசங்க கார்ல பின்னாடி உக்காந்து வந்திருந்தாங்க. இரும்புல ஒரு அளவுக்குக் கீழ எத்தனை தடவை ஆடினாலும் தாங்கிடும், அலுமினியத்துக்கு அந்த எல்லையே கிடையாது, ஒவ்வொரு குலுக்கலும் கணக்குல சேரும். இப்போ டங் பீமை ரெண்டாவது குறுக்குச் சட்டம் வரைக்கும் நீட்டி, பீமோட நடு உயரத்துல போல்ட் போட்டிருக்கேன், மேலயும் அடியிலயும் குறுக்கு வெல்டே இல்ல.

வெல்டு ஒயர்ல 4043 ரகமா 5356 ரகமா?

டிரெய்லருக்கு 5356, பலம் கூட. 4043 சுலபமா ஓடும், ஆனா அனோடைஸ் (மின்சாரத்தால மேல ஆக்சைடு பூச்சு ஏத்துறது) பண்ணினா கறுத்துடும்.

ஆக்சில் (சக்கர அச்சு) இரும்புதானே, எப்படி மாட்டறது?

போல்ட்தான், நடுவுல ரப்பரோ பிளாஸ்டிக்கோ வைங்க, இல்லன்னா உப்புத்தண்ணி பட்டு அலுமினியம் அரிக்கும். கொக்கி மேல மொத்த எடையில 10லேர்ந்து 15 சதவீதம் இறங்கணும், குறைஞ்சா ஹைவேயில வால் ஆட்டும்.

வெல்டு முடியிற இடத்துல குழி விழுந்து மயிர் மாதிரி கோடு தெரியுது, மேல இன்னொரு வெல்டு போட்டு மூடிடலாமா?

கூடாதுங்க, அது விரிசல், உள்ளயே இருக்கும். முழுசா குடைஞ்சு எடுத்துட்டு திரும்பப் போடுங்க, முடிக்கறப்போ ஆர்க்கை டக்குனு எடுக்காம கம்பி குடுத்து அந்தக் குழியை நிரப்பிட்டு வெளிய வாங்க.