புத்தகப் பிரியம் போதுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

இளங்கலை முடித்துவிட்டேன். நூலக அறிவியல் படித்து, சிறுவர் பகுதியில் பணியாற்ற ஆசை. சிறுவயது முதல் எனக்குப் புத்தகம்தான் எல்லாம். ஆனால் நான் அதிகம் பேசாதவள். குழந்தைகளைச் சமாளித்துவிடுவேன்; பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை நினைத்தால்தான் தயக்கம். "புத்தகம் அடுக்குகிற வேலைக்குப் பட்டம் எதற்கு?" என்கிறார்கள் வீட்டில். புத்தகப் பிரியம் மட்டும் போதுமா?

ம.

அன்புள்ள ம.,

போதாது. சில சமயம் அதுவே இடைஞ்சலாகவும் ஆகும்.

ஆன் கரோல் மூர் 1906 முதல் 1941 வரை நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். குழந்தைகளை உள்ளே விடவே நூலகங்கள் தயங்கிய காலத்தில், அவர்களுக்கென்று அறை அமைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவர். ஆனால் ரசனையில் பிடிவாதக்காரர். 1947இல் வெளிவந்த 'குட்நைட் மூன்' என்ற குழந்தைகள் படப் புத்தகம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் சொல்லுக்கு அங்கே எடை இருந்தது. 1972 வரை அந்த நூலகம் அதை வாங்கவில்லை. அவ்வளவு பெரியவருக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்? உங்கள் விருப்ப நூல்களைச் செருப்பைப் போல வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

அதிகம் பேசாதவள் என்கிறீர்கள். நல்லது. பதின்வயதுப் பிள்ளைகள் தமக்கு வேண்டியதை நேராகக் கேட்பதில்லை. "என்ன வேண்டும்?" என்றால் "ஒன்றுமில்லை" என்று நழுவிவிடுவார்கள். "கடைசியாகப் பாதியில் மூடி வைத்த புத்தகம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பிடிக்காததைப் பற்றிப் பேச அந்த வயதுக்கு அலுப்பதே இல்லை. பிடித்தது எது என்பது அதிலேயே தெரிந்துவிடும். உடல், காதல், சாவு பற்றிய நூல்களை உங்களிடம் கேட்டு வாங்கும்படி பூட்டி வைக்காதீர்கள். ஒரு பையன் எதை எடுத்துப்போனான் என்பது வேடிக்கைப் பேச்சாகக்கூட உங்கள் வாயிலிருந்து வெளியே வரக் கூடாது. ஒருமுறை வந்தால் போதும், அவன் மறுபடி வரமாட்டான்.

ஒரு நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். படப் புத்தகத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் பாதிப் பேர் நாற்காலிக்கு அடியில் இருந்தார்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத நூலகர் வந்து புத்தகத்தை வாங்கினார். தோளுக்குப் பக்கத்தில், படம் குழந்தைகளைப் பார்க்கும்படி பிடித்தார். கதை அவருக்கு மனப்பாடம். பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு கணம் நிறுத்தினார். அவ்வளவுதான், நாற்காலிக்கு அடியிலிருந்து தலைகள் வெளியே வந்தன. பிறகு கேட்டபோது, மணிக்கட்டு வலிக்கும் வரை வீட்டில் பழகியதாகச் சொன்னார்.

வீட்டாருக்கு ரங்கநாதனைச் சொல்லுங்கள். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். முதலில் சலித்துப்போய் வகுப்பறைக்கே திரும்ப நினைத்தார். பின்னர் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் தந்தவரும் அவர்தான். 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பது அவற்றில் ஒன்று. அந்த வாசகர் சில சமயம் எட்டு வயதுக்காரராக இருப்பார்.

பட்டம் வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பும், தேடி எடுக்க உதவும் பட்டியலும் அங்கே கற்பீர்கள். குழந்தை வளர்ச்சி, கதை சொல்லல் பற்றிய பாடங்கள் இருந்தால் விடாதீர்கள். அடுக்குவதும் உண்டுதான், ஆனால் எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து எடுத்தது 2006இல்; அதற்கு முன் அச்சான வானியல் நூலில் அது ஒன்பதாவது கோளாகவே இருக்கும். பத்து வயதுப் பெண் ஒருத்தி அதைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைப்பாள்.

சேர்வதற்கு முன் சில மாதம் ஏதாவது ஒரு சிறுவர் பகுதியில் தன்னார்வலராக இருந்து பாருங்கள். பள்ளி விட்டதும் கூட்டம் வரும் நேரத்தில் போங்கள். காலை நேர அமைதியைப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள்.