நட்சத்திர ஆமைக்காக நுகர்வோர் வழக்கா?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கிறோம். மகனின் பிறந்தநாளுக்காக ஓசூரில் ஒருவரிடம் நாலாயிரம் ரூபாய்க்கு நட்சத்திர ஆமைக்குட்டி ஒன்றை என் கணவர் வாங்கினார். மூன்றே மாதத்தில் ஓடு மெத்தென்று ஆகிவிட்டது. தீனியைத் தொடாமல், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. இரண்டு முறை மருந்து எழுதிய கால்நடை மருத்துவர் இப்போது கொண்டுவர வேண்டாம் என்கிறார். விற்றவர் மீதும் மருத்துவர் மீதும் நுகர்வோர் வழக்குத் தொடரலாமா?

பதில்: விற்றவர் ஏமாற்றியதும் மருத்துவர் கைவிட்டதும் இங்கே பொருட்டல்ல. நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அது தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறையும், இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றம் என்பதால், பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ள 54ஆம் பிரிவு இடம் தராது. முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் தரும் மனுவே, ஆமையை வாங்கி மூன்று மாதம் வைத்திருந்தோம் என்ற ஒப்புதலாகிவிடும். பாசத்துக்கு அத்தாட்சியாக நீங்கள் பத்திரப்படுத்தியுள்ள மருத்துவச் சீட்டுகள், எந்தத் தேதியிலிருந்து ஆமை உங்களிடம் இருக்கிறது என்பதைத்தான் நிரூபிக்கும். கைக்கு வந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது 39ஆம் பிரிவு. விற்றவரிடமே ஆமையைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவதும் அதே பிரிவின்படி புதிய குற்றம். நாலாயிரத்தை மறந்துவிடுங்கள்.

பாலக்கோடு வனச்சரக அலுவலகத்தில் உடனே ஒப்படையுங்கள். இதனால் குற்றம் அழிந்துவிடாது. ஆனால் பிடிபடுவதற்கு முன் தாமாகக் கொடுத்தவர் என்ற நிலை, ஜாமீனிலும் விசாரணையிலும் வாதாடக் கையில் ஏதாவது தரும். வழக்கறிஞருடன் போய், கடிதத்தின் நகலில் தேதியும் நேரமும் குறித்த ஒப்புகை வாங்குங்கள்.

கட்சிக்காரர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். விற்றவர் மீதுள்ள ஆத்திரத்தில், கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்து, 'உண்மையைத்தானே சொன்னேன்' என்பார்கள். உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதிகாரம் பெற்ற அதிகாரி குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதியும் சாட்சியம், 50ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் ஏற்கப்படும். காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தைப் போல இதைப் பின்னால் எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனவே வாக்குமூலம் கேட்டால், வழக்கறிஞரைக் கலந்த பிறகே பேசுங்கள். விற்றவரின் விவரத்தை எப்போது, எப்படித் தருவது என்பதையும் அவரிடமே விடுங்கள். பொய் மட்டும் வேண்டாம். வயலில் கிடைத்தது என்ற கதையை மருத்துவச் சீட்டே உடைத்துவிடும்.

இரவோடு இரவாகக் காட்டில் விட்டுவிடலாம் என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் உள்ள குட்டி அங்கே பிழைக்காது, நோயையும் பரப்பலாம். நீங்களோ தடயத்தை மறைத்தவராவீர்கள்.

ஒப்படைக்கும் முன்பே இறந்துவிட்டால் புதைக்காதீர்கள், உடலை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். மகன் ஆசைப்படுகிறான் என்று ஓட்டை எடுத்து வைக்கவும் வேண்டாம். அதுவும் அரசின் சொத்து.