பத்து மணிக் கொக்கரிப்பு

அன்புள்ள அண்ணா,

பினாங்கு சுங்கை ஆராவில், சுவரோடு சுவர் ஒட்டிய தெரசு வீட்டில் இருக்கிறேன். 2022-இல் முட்டைத் தட்டுப்பாடு வந்து நாமக்கல்லிலிருந்தெல்லாம் இறக்கினார்களே, அப்போது நான்கு கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) பெட்டைகள் வாங்கிப் பின்பக்கம் விட்டேன். சேவல் கிடையாது. ஆனாலும் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஒரு தடவை வந்து சொன்னார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவரும் பேசுவதில்லை. அவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு கோழி இருந்ததே, யார் குறை சொன்னார்கள்? ஒரு தட்டு முட்டை கொடுத்துச் சமாதானம் ஆகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அவருக்கு இரவு ஷிப்ட் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நானும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன். எங்கள் வரிசையில் கோழி இல்லாத வீடு கிடையாது, அதனால் சண்டை வந்ததும் கிடையாது. ஏன் வரவில்லை? விடியுமுன் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. சேவல் கூவும்போது லயமே எழுந்து அடுப்பு மூட்டியிருக்கும். பெட்டைகள் கொக்கரிக்கும் பத்து மணிக்குப் பெரியவர்கள் எல்லாரும் ரப்பர் காட்டில் இருப்பார்கள். தூங்கிக்கொண்டிருக்க ஆளே இல்லை. தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது, ஒரே நேரத்தில் படுத்தது. பாயான் லெப்பாஸில் 1972-இல் தொழிற்சாலைகளுக்கென்று தனி வட்டாரம் ஒதுக்கினார்கள். இன்று அங்கே இரவு வேலை முடித்து வருகிறவர்கள் நாம் பசியாறும் நேரத்தில் படுக்கப் போகிறார்கள்.

அதனால் சேவல் இல்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது. விடியலில் கூவினாலும் அந்த அக்கா அப்போது வேலையில் இருப்பார். அவரை எழுப்புவது பெட்டைகள்தான். கோழி பெரும்பாலும் விடிந்து ஐந்தாறு மணி நேரத்துக்குள் முட்டையிடும். ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் பிடிப்பதால் நேற்று இட்ட நேரத்தைவிட இன்று கொஞ்சம் தள்ளி இடும். நான்கு கோழி என்றால் எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று. ஒன்று தொடங்கினால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். நான் இரண்டு வருடம் பிறை என்ற ஊரில் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவன். பகல் தூக்கம் ஒரு தடவை கலைந்தால் திரும்ப வராது. அன்று இரவு மெஷின் முன்னால் கண் சொக்கும், பயமாக இருக்கும்.

கொக்கரிப்பை நிறுத்த முடியாது, குறைக்கலாம். முட்டையிடும் பெட்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால் முதலில் இன்னொன்று வையுங்கள். இடம் கிடைக்காமல் காத்திருக்கும் கோழி போடுகிற கூப்பாடு சாமானியமல்ல. அப்புறம், கூண்டு அவர் படுக்கையறைச் சுவரை ஒட்டியிருந்தால் பின் சந்துப் பக்கம் நகர்த்துங்கள். கோழி கத்தும்போது அதை அடக்கத் தீனி போடுகிறீர்களா? அதை இன்றே விடுங்கள். கத்தினால் கிடைக்கும் என்று கோழி சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், ஏடிஸ் கொசு வளர ஒரு வாரம் போதும். தீனியை மூடிபோட்ட டின்னில் வையுங்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும், அது உங்கள் வீட்டோடு நிற்காது. மாநகர் மன்ற விதி என்ன என்பதையும் நீங்களே போய்க் கேட்டுவிடுங்கள்.

முட்டையை இப்போது கொடுக்க வேண்டாம். சத்தம் குறையாமல் முட்டை மட்டும் போனால் வாயை அடைக்கக் கொடுத்ததாகத்தான் படும். வெறுங்கையோடு போங்கள். அன்று முகம் கொடுக்காததற்கு மன்னிப்புக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் படுப்பார், எந்த அறையில் என்று விசாரியுங்கள். அவர் மன்றத்துக்குப் போன் செய்திருக்கலாம். செய்யாமல் உங்களிடம் வந்து சொன்னார். அது பெரிய மரியாதை, தங்கச்சி.

கூண்டை நகர்த்த ஆணி அடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைச் சாயங்காலம், அவர் எழுந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.