முகவரி எங்கே, தேதி எங்கே? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இணையக் கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேர்த்து வைக்க உதவிய பாக்கெட் சேவை பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாக்கெட்டில் ஆறேழு வருடமாகச் சேர்த்த கட்டுரைகளை எப்படி மீட்பது? (கோவை)

நீங்கள் சேர்த்தவற்றின் பட்டியலான ஏற்றுமதிக் கோப்பை எடுத்து வைத்தீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லை. பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று நின்றது. ஏற்றுமதிக்குத் தந்த சில மாத அவகாசமும் முடிந்துவிட்டது. கோப்பு கையில் இருந்தால் அதே போன்ற சேவைகளான ரெயின்டிராப்பிலோ இன்ஸ்டாபேப்பரிலோ ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதில் இருப்பது சுட்டிகள், அதாவது இணைப்புகள்தான், கட்டுரையின் உரை இல்லை. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் பத்துக்கு நான்கு 2023க்குள் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. அதனால் முக்கியமான கட்டுரைகளை முதலில் திறந்து பார்த்து, உயிரோடு இருப்பவற்றை உங்கள் கணினியிலேயே சேமியுங்கள். ஆம்னிவோர் என்ற இன்னொரு சேவையை நம்பி மாறியவர்களுக்கு 2024 நவம்பரிலேயே இதே கதிதான் நேர்ந்தது.

பக்கத்தைச் சேமித்தபோது கூடவே ஒரு ஃபோல்டரும் வந்தது. தேவையில்லை என்று அழித்துவிட்டேன். இப்போது படங்கள் தெரியவில்லை. (சேலம்)

படங்கள் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. என்னவென்று பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். இனிமேல் உலாவியில் சிங்கிள்ஃபைல் என்ற நீட்சியை (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) போட்டுக்கொள்ளுங்கள். படம், எழுத்துரு எல்லாம் சேர்ந்து ஒரே எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவ) கோப்பாக வரும். எந்த முகவரியிலிருந்து, எந்தத் தேதியில் சேமித்தது என்பதையும் கோப்பின் தலையிலேயே எழுதி வைத்துவிடும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். சேமிக்கும் முன் வரிகளுக்கு நிறம் பூசவும் குறிப்பு ஒட்டவும் அதிலேயே வசதி உண்டு.

இணையப் பக்கங்கள் மேல் குறிப்பெழுத உதவும் ஹைப்போதெசிஸில் நான் எழுதிய குறிப்புகளை முன்பின் தெரியாதவர்கள் படிக்கிறார்கள். எப்படி? (ஆய்வு மாணவி, திருச்சி)

நீங்கள் பொதுவில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே முதலில் இருக்கும் அமைப்பே 'பொது'தான். உங்களுக்கு மட்டும் என்றால் குறிப்பைப் பதியும்போது 'எனக்கு மட்டும்' என்று மாற்ற வேண்டும். வகுப்புத் தோழிகளோடு மட்டும் என்றால் தனிக் குழு தொடங்குங்கள். பொதுவில் எழுதியவை யாரும் எடுத்தாளக்கூடிய உரிமத்தில் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தளத்தின் ஆசிரியர் பத்தியை மாற்றினால் உங்கள் குறிப்பு ஒட்ட இடமில்லாமல் தனியே நிற்கும். எனவே மூலப் பக்கத்தின் நகலும் வேண்டும், தேதியோடு.

செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறேன். அதில் முக்கியமான வரியை அழகாக வட்டமிட எந்தச் செயலி நல்லது? (தாம்பரம்)

எந்தச் செயலியும் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டே வேண்டாம். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றும். எந்த மாவட்டம், எந்த வருடம் என்று அதில் இருக்காது, வெட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு படத்தை நம்பி அக்கா மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் விட்டோம். அன்று அவளுக்கு அரையாண்டுத் தேர்வு. படம் முந்தைய வருடத்துடையது. அனுப்பியவர் நல்ல மனதோடுதான் அனுப்பினார். சுட்டி இருந்திருந்தால் தொட்டுப் பார்த்து அரை நிமிடத்தில் தெரிந்துகொண்டிருப்போம்.

படத்தில் உள்ள எழுத்தைக் குழுவில் தேடி எடுக்க முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதை வெறும் 'படம்' என்றுதான் சொல்லும். செய்தித்தளம் பிறகு திருத்தம் போட்டாலும் உங்கள் படத்துக்கு அந்தத் திருத்தம் வந்து சேராது.

உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரியைக் காட்டுவதுதானே? குரோமில் 2021 முதலே வழி இருக்கிறது. வரியைத் தேர்ந்தெடுத்து வலச்சொடுக்கினால் 'ஹைலைட்டுக்கான இணைப்பை நகலெடு' என்ற பொருளில் ஒரு தெரிவு வரும். அந்தச் சுட்டியைத் திறப்பவருக்குப் பக்கம் நேராக அந்த வரிக்கே போய், நிறம் பூசிக் காட்டும். சஃபாரியிலும், 2024 கடைசியிலிருந்து ஃபயர்ஃபாக்ஸிலும் திறக்கும். தமிழ் வரியென்றால் இரண்டு மூன்று சொல் மட்டும் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சுட்டி முழம் நீளத்துக்குப் போகும். பக்கம் அழிந்துவிடும் என்று பயந்துதான் படம் எடுக்கிறீர்களா? சரி, எடுங்கள். ஆனால் முகவரிப் பட்டையும் தேதியும் தெரிய எடுத்து, கீழே சுட்டியையும் ஒட்டுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியா சுட்டியை நகலெடுத்தால் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக வருகிறதே? (யாழ்ப்பாணம்)

முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் 'ழ்'இன் புள்ளியையும் 'மி'யின் விசிறியையும் சேர்த்து ஐந்து குறியீடுகள், ஆக 45 எழுத்து. விக்கிப்பீடியாவின் கருவிப் பட்டியலிலேயே குறுஞ்சுட்டி தரும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். முன்பின் தெரியாத சுருக்கச் சேவைகள் வேண்டாம், அவை மூடினால் சுட்டியும் போச்சு.

ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்த சுட்டியின் வாலை வெட்டலாமா? (பெங்களூரு)

வெட்டலாம். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் உங்களைப் பின்தொடரும் குறி. வெட்டியபின் ஒருமுறை திறந்து பாருங்கள். யூடியூப் போன்ற தளங்களில் வீடியோவின் அடையாளமே அந்த வாலில்தான் இருக்கும்.

பிடிஎஃப் ஆகச் சேமித்த தமிழ்க் கட்டுரையில் 'கொடி' என்று தேடினால் கிடைப்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிறது! (மதுரை)

பிடிஎஃப் எழுத்தின் வடிவத்தை வரிசையாக வைக்கிறது. 'கொ'வில் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். பல பிடிஎஃப்களில் உள்ளே இருக்கும் உரையும் அதே வரிசையில் கலைந்து கிடக்கும். ஒகரம், எகரம் வரும் சொல்லெல்லாம் தேடலில் நழுவுவது இதனால்தான். தாளில் அச்செடுக்க மட்டும் பிடிஎஃப், தேடவும் மேற்கோள் காட்டவும் எச்டிஎம்எல்.

ஒரு கடை இணையதளத்தில் பணம் திருப்பித் தரும் விதியை மாற்றிவிட்டார்கள். பழையதைப் பார்க்க முடியுமா? (ஈரோடு)

இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். யாராவது அந்தப் பக்கத்தைப் பதிந்திருந்தால் தேதிவாரியாகக் கிடைக்கும். பொருள் வாங்கும் நாளில் நீங்களே அங்கே பதிந்திருக்கலாம், காசு கிடையாது. கடவுச்சொல் போட்டு நுழையும் பக்கங்கள் அதில் பதிவாகாது.

குறிப்பெடுக்கும் நீட்சி ஒன்று 'எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கும், மாற்றும்' என்று அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா? (சிங்கப்பூர்)

எந்த நீட்சி என்று பெயர் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? பக்கத்தில் கோடு போடும் நீட்சிக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும் அனுமதி வேண்டும்தான், ஆனால் எப்போதும் வேண்டியதில்லை. குரோமில் நீட்சியின் படத்தை வலச்சொடுக்கி, 'சொடுக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். வங்கி வேலைக்குத் தனி உலாவி வையுங்கள். தி கிரேட் சஸ்பென்டர் நீட்சியைப் பல லட்சம் பேர் நம்பி வைத்திருந்தார்கள். 2020இல் அது கைமாறியது, 2021 பிப்ரவரியில் தீங்குநிரல் என்று சொல்லி கூகுள் நீக்கியது. போட்ட நாளில் நல்லதாக இருந்த நீட்சி அது. அடுத்த முறை நீட்சியின் பெயரையும் அதை யார் வெளியிட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.