ஆற்காட்டில் 'இக்கன்னா' இல்லை

டீச்சரைக் கேளுங்கள்

(வேலூரைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 34 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகன் மூன்றாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும். 'பட்டம்' என்று காட்டினால் 'பானா, இட்டன்னா, டானா, இம்மன்னா' என்று தப்பில்லாமல் சொல்கிறான். சேர்த்துப் படி என்றால் முழிக்கிறான். நான் எட்டாவது வரைதான் படித்தேன். வீட்டில் பீடி சுற்றுகிறேன். டியூஷன் வைக்க வசதியில்லை. நான் என்ன செய்ய?
- ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, உங்கள் பையனுக்கு எழுத்தின் பேர் தெரிகிறது, ஓசைதான் இன்னும் வசப்படவில்லை. பானாவையும் இட்டன்னாவையும் எத்தனை முறை கூட்டினாலும் பட்டம் பறக்காது. இந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளை ராகம் போட்டு 'னா' சொல்ல வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கு வந்த ஒரு அதிகாரி பலகையில் 'மடம்' என்று எழுதினார். பிள்ளைகள் ஒரே குரலில் 'மானா, டானா, இம்மன்னா' என்றார்கள். "சரி, அதுல யார் இருப்பாங்க?" என்று கேட்டார். ஒரு வாயும் திறக்கவில்லை. அன்றோடு விட்டேன் அந்த ராகத்தை.

நீங்களும் ஒரு வாரத்துக்கு 'னா'வை நிறுத்துங்கள். ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் புள்ளியும் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் கிடைத்துவிடும். விரலைச் சொல்லுக்குக் கீழே இழுத்துக்கொண்டே, குரலை அறுக்காமல் நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்துக்கு எழுத்து நிறுத்தினால், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும்.

அப்புறம் உங்கள் முறத்தையே பாடப்புத்தகம் ஆக்குங்கள். இலை, தூள், நூல், கட்டு என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதுங்கள். பொருள் கண்ணெதிரே இருப்பதால் அவன் கவனம் முழுக்க எழுத்தில் நிற்கும். 'இலை'யில் தடுமாறினால் திட்டாதீர்கள். 'லை'யை வாய் 'ல்' என்று தொடங்குகிறது, கண்ணுக்கோ 'ை' முதலில் தெரிகிறது. கெ, கே, கை எல்லாமே இப்படித்தான். கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் நிற்கும். 'கௌ'வைக் 'கெள' என்று படிக்காத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. 'குறி முன்னால் நிற்கும், சத்தம் பின்னால் வரும்' என்று ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். நம்மில் பலர் இதைச் சொல்வதே இல்லை, பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

247 எழுத்து என்று பயமுறுத்தவும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, கொஞ்சம் குறிகள், ஒரு ஆய்தம், அவ்வளவுதான். உகர, ஊகார வரிசைகள் மட்டும் அடம் பிடிக்கும். கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒரு உருவம். நூலும் தூளும் அங்கேதான் வருகின்றன, அவற்றைத் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் போதும். கடைசியில் அவனையே ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லி, சொன்னபடியே எழுதுங்கள். 'எங்க அம்மா பீடி சுத்துது' என்றால் அதையே எழுதுங்கள். 'சுற்றுகிறார்' என்று திருத்த அவசரம் வேண்டாம். பாடப்புத்தக வரியில் திக்கும் பிள்ளை, தான் சொன்ன வரியைக் கடகடவென்று படித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் காட்டப் போகும்.

பேத்தி இரண்டாம் வகுப்பு. 'கோயி', 'பயம்', 'இஸ்துகினு' என்றெல்லாம் எழுதுகிறாள். வீட்டில் எல்லாரும் சுத்தத் தமிழ் பேச வேண்டுமா? நான் எழுதிக் காட்டினால் 'தாத்தா, உன் லை தப்பு' என்கிறாள்.
- ஒரு தாத்தா, ஆம்பூர்

ஐயா, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறாள் என்றால் காது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நம் வட ஆற்காட்டு வாயில் ழகரம் யகரமாகும், சில இடத்தில் ஸ் ஆகும். நானே வீட்டில் 'இன்னா' என்றுதான் பேசுகிறேன். பேச்சில் கை வைக்காதீர்கள், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். 'வாய்க்குக் கோயி, நோட்டுக்குக் கோழி' என்று சொல்லிவிடுங்கள், இரண்டு வயசுத் தம்பிக்குக்கூடப் புரியும். 'எனக்கு ஒரு பயம் வேண்டும்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பேய் வரைந்து காட்டுங்கள். அவளே சிரித்துக்கொண்டு திருத்துவாள். ழ சொல்லும்போது நாக்கு நுனி மேலே வளையும், எதையும் தொடாது. ள சொல்லும்போது தொடும். கண்ணாடி முன் நிறுத்தினால் விளையாட்டாகப் பழகும்.

'லை' விஷயத்தில் இருவருமே சரி. 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது 13 எழுத்துகளின் உருவம் மாறியது. நீங்கள் தும்பிக்கை வைத்த லை எழுதிப் பழகியவர். அவளுக்கு அதை ஒரு கதையாகச் சொல்லுங்கள். நோட்டில் மட்டும் அவள் லையே இருக்கட்டும்.

என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் உருது, சிலர் தெலுங்கு. தமிழ்ச் சொல் வளமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு இளம் ஆசிரியர், பேர்ணாம்பட்டு

இல்லை என்று யார் சொன்னது தம்பி? பாக்கி, வசூல், ரசீது, தயார், வக்கீல் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து தமிழுக்கு வந்தவைதானே. அவற்றைப் பலகையில் எழுதித் தொடங்குங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும். புதுச் சொல்லுக்கு இன்னொரு புதுச் சொல்லை அர்த்தமாகச் சொல்லாதீர்கள். செழிப்பு என்றால் வளம் என்பதால் யாருக்கு என்ன லாபம்? நடித்துக் காட்டுங்கள், தொட்டுக் காட்டுங்கள். 'வறண்ட' என்பதற்குப் பாலாற்றைக் காட்டினால் போதும் (வருத்தமான வசதி இது). ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பு மகள் 'முயற்ச்சி', 'அதற்க்கு' என்று எழுதுகிறாள். வல்லினம் மிகும் இடங்களை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?
- ஒரு அப்பா, காட்பாடி

வேண்டவே வேண்டாம். இந்த வயசுக்கு மூன்று இடம் தெரிந்தால் போதும். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும் (அந்தப் பையன்). ஐ உருபுக்குப் பின் மிகும் (பாலைக் குடி). கு உருபுக்குப் பின் மிகும் (கடைக்குப் போ). மற்றதெல்லாம் படிக்கப் படிக்கத் தானாக வரும்.

முயற்ச்சி வேறு வியாதி. ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து ஒட்டாது. பார்க்க, வளர்ச்சி, வாழ்க்கை என்று ர், ழ் இடம் கொடுக்கும், இந்த இரண்டும் கொடுக்காது. இதற்கு நீங்கள் புத்தகம் தேட வேண்டாம், உங்கள் ஊர்ப் பேரே பாடம். ரயில்வே ஸ்டேஷன் பலகையில் 'காட்பாடி' என்றுதான் இருக்கும், 'காட்ப்பாடி' என்று இருக்காது. பக்கத்து ஆற்காட்டிலும் இக்கன்னா கிடையாது. நட்பு, வெட்கம், நாற்பது, கற்பூரம் என்று அவளையே பட்டியல் போடச் சொல்லுங்கள். ட், ற் பின்னால் இன்னொரு புள்ளி வைத்த சரியான தமிழ்ச் சொல் ஒன்றை அவள் கண்டுபிடித்து எழுதினால், ஆற்காடு மக்கன் பேடா அரைக் கிலோ, என் செலவில்.