ஹைபிரிட் கார், டீசல் கார்: ஓட்டும் செலவு எதில் குறைவு?

கேள்வி கேட்டவர் தன் ஓட்டத்தையும் சொல்லியிருக்கிறார்: வேலைக்குப் போக ஒரு பக்கம் 7 கிலோமீட்டர், வழியெல்லாம் சிக்னல், மாதம் ஒருமுறை நெடுஞ்சாலைப் பயணம். இந்த ஓட்டத்துக்கு, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட்தான். ஆனால் அதற்குக் காரணம் மைலேஜ் இல்லை.

ஒன்பது வருஷம் டீசல் வைத்திருந்தேன், இப்போது நாலாவது வருஷமாக ஹைபிரிட். டேங்க் நிரப்பும்போதெல்லாம் லிட்டரையும் கிலோமீட்டரையும் நோட்டில் குறித்துவைப்பேன் (வீட்டில் இதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு). நகருக்குள் டீசல் லிட்டருக்கு 16, ஹைபிரிட் 22. நெடுஞ்சாலையில் டீசல் 20, ஹைபிரிட் 18.

நெடுஞ்சாலையில் ஏன் தலைகீழாகிறது? ஹைபிரிட்டின் வித்தையே பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்துவைப்பதும், நிற்கும்போது எஞ்சினை அணைப்பதும்தான். நிற்காமல் ஒரே வேகத்தில் போனால் பிடித்துவைக்க என்ன இருக்கிறது? டீசலுக்கோ பிறவியிலேயே ஒரு சாதகம்: ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம்.

இப்போது உங்கள் கணக்கு. மாதம் 300 கிலோமீட்டர் நகர ஓட்டம் என்றால் டீசல் காருக்கு 18.75 லிட்டர், ஹைபிரிட்டுக்கு 13.6. மிச்சம் வெறும் 5 லிட்டர்! 22, 16 என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான். அதிலும் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் அரை லிட்டருக்குச் சற்று மேல் திரும்பிப் போய்விடும். மாதம் 900 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடினால் மிச்சம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். உங்கள் ஊரில் டீசல் விலை பெட்ரோலைவிடக் குறைவென்றால் அதற்கு முன்பே தீரும். எரிபொருளை மட்டும் பார்த்து விலை கூடிய ஹைபிரிட்டை வாங்கினால் போட்ட பணத்தை எடுக்க வருஷக்கணக்காகும்.

என் பணம் போனது வேறு இடத்தில். இப்போதைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அதில் சேரும் கரியைக் கார் அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அதற்குப் புகையின் சூடு சுமார் 600 டிகிரிக்கு ஏற வேண்டும், கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடவும் வேண்டும். வேலை மாறி என் ஓட்டம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியபோது எஞ்சின் சூடாவதற்குள் அலுவலக வாசல் வந்துவிடும். பாதியில் நின்றுபோன எரிப்புகளுக்குப் பிறகு எச்சரிக்கை விளக்கு வந்தது, அப்புறம் வண்டி இழுவையே இல்லாமல் முடங்கியது. முதல்முறை கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாம் முறை புதிதே போட வேண்டியதாயிற்று. அந்த ஒரு பில், மூன்று வருஷ எரிபொருள் மிச்சத்தை விழுங்கியது. கூடவே, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்விலும் கரி. வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹைபிரிட்டும் குறுகிய ஓட்டத்தில் முதல் சில கிலோமீட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், அதுவும் சூடாக வேண்டுமே. ஆனால் எதுவும் அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. என்னுடையதில் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, டர்போவும் இல்லை. வேகத்தைக் குறைக்கிற வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்வதால் பிரேக் பேட் இன்னும் மாற்றவில்லை.

பேட்டரி போய்விட்டால்? எல்லாரும் கேட்கும் கேள்வி. நியாயமான பயம்தான், மாற்றும் செலவு பெரிது. 1997-ல் ஜப்பானில் டொயோட்டாவின் பிரியஸ் ஹைபிரிட் கார் வந்ததிலிருந்து பத்து வருஷம் தாண்டியும் முதல் பேட்டரியோடு ஓடிய வண்டிகள் ஏராளம். உத்தரவாதமும் பல நிறுவனங்கள் 8 வருஷம் தருகின்றன. பின்சீட்டுக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்கும் மாடல் என்றால் அதன் மேல் பையை வைக்காதீர்கள், தூசியும் தட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்னதெல்லாம் மோட்டாரில் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய முழு ஹைபிரிட்டுக்கு. 'மைல்ட் ஹைபிரிட்' என்று விற்பதில் பெரும்பாலானவை அப்படி ஓடாது, எஞ்சினுக்குச் சின்னதாகக் கைகொடுக்கும், அவ்வளவே. வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்: நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் சத்தம் நிற்கிறதா என்று காதால் கேட்டாலே தெரிந்துவிடும்.